கெண்டி வாங்க நல்ல காலம்

அடுக்களைக்கு வெந்நீர்க் கெண்டி ஒன்று வேண்டும். அதை ஆண்டின் எந்தக் காலத்தில் வாங்குவது உத்தமம்? கடைத்தெருவில் கெட்டில் என்று கேட்டு வாங்கப்படும் இந்தச் சிறு பாத்திரத்தைப் பற்றிய கேள்வி தத்துவ விசாரத்துக்கு உரியது என்று முதற்பார்வையில் எவருக்கும் தோன்றாது. ஆயினும், 'நல்ல காலம்' என்று நாம் வாய் திறந்து சொல்லும்போதே, காலம் என்னும் பொருளுக்கு நன்மை தீமை என்ற குணங்கள் உண்டு என்றதொரு சித்தாந்தத்தை ஆராயாமலே ஒப்புக்கொண்டு விடுகிறோம். விவாகம், கிருகப்பிரவேசம் முதலிய பெருங்காரியங்களில் அந்தச் சித்தாந்தத்தைச் சோதித்துப் பார்க்க மனம் துணிவதில்லை. ஆசையும் அச்சமும் அங்கே புத்தியின் முன் வந்து நின்றுவிடுகின்றன. கெண்டி விஷயத்தில் அப்படிப்பட்ட இடையூறு எதுவும் இல்லை. ஆகவே இச்சிறு பொருளை முன்னிட்டே அப்பெருங்கேள்வியை நிதானமாக ஆராயலாம்.

வாங்குவோருக்கு வழிகாட்ட நம் நாட்டில் இரண்டு பஞ்சாங்கங்கள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று சோதிடருடையது, மற்றொன்று, எந்த அச்சகத்திலும் அச்சேறாமல், வணிகருடைய மனத்திலும் கணக்குப் புத்தகத்திலும் மட்டுமே வாழ்வது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஒன்று மற்றொன்றின் தலைகீழ் உருவாக இருக்கக் காண்பார். ஜூலை நடுவில் பிறக்கும் ஆடியில் நம்மவர் வீடுகளில் மணவினை இல்லை. மணவினை இல்லாததால் சீர்வரிசைப் பாத்திரங்களுக்குக் கிராக்கி இல்லை. கிராக்கி இல்லாததால் தேங்கிய சரக்கைத் தள்ளிவிட வணிகர் விலையைக் குறைக்கிறார். ஆடித் தள்ளுபடி என்று ஊரெங்கும் விளம்பரமாகும் உற்சவம் இவ்வாறு தோன்றியதே. மாறாக, வடநாட்டில் தீபாவளியை ஒட்டிவரும் தேய்பிறைத் திரயோதசியன்று, தனத்திரயோதசி என்ற பெயரால், பித்தளையிலோ எவர்சில்வரிலோ ஒரு பாத்திரமாவது வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது வழிவழி வந்த ஆசாரம். போட்டியின் நிமித்தம் பண்டிகைக் காலத்திலும் சலுகைகள் உண்டு எனினும், வாங்கியே தீரவேண்டும் என்று வந்து நிற்கும் கூட்டத்தின் முன் விலையை இறக்கும் அவசியம் எந்த வணிகருக்கும் அதிகமாக இருப்பதில்லை. சோதிடர் விலக்கிய காலம் வணிகரிடம் மலிவாகவும், சோதிடர் போற்றிய காலம் விலையேறியும் இருக்குமானால், ஒரே அச்சில் வார்த்த இரண்டு கெண்டிகளுக்கிடையே உள்ள அந்த விலை வித்தியாசம் எதன் விலை? உலோகத்தின் விலையன்று, தொழிலாளியின் கூலியுமன்று, அது நாளின் விலை. அவ்வாறு விலை கொடுத்து வாங்கப்பட்ட நாள், வாங்கியவர் கையில் எந்த உருவத்தில் வந்து சேருகிறது என்பதே நம்முடைய விசாரணை.

முகூர்த்த சாஸ்திரத்தார் இதற்கு விடையளிக்காமல் இல்லை. 1600-ஆம் ஆண்டில் காசியில் இராம தைவக்ஞர் இயற்றிய முகூர்த்த சிந்தாமணி என்னும் நூல், கொள்வதற்குரிய நட்சத்திரங்கள் என்றும் விற்பதற்குரிய நட்சத்திரங்கள் என்றும் வேறுவேறாகப் பகுத்து, ரேவதி, சதயம், அசுவதி, சுவாதி, திருவோணம், சித்திரை ஆகிய ஆறும் கொள்வதற்கு உகந்தவை என்று கூறுகிறது. அதனோடு நில்லாமல், கொள்வதற்குரிய நாளில் விற்பதும், விற்பதற்குரிய நாளில் கொள்வதும் நலமன்று என்றும் விதிக்கிறது. இவ்விதியைக் கெண்டிக் கடையின் வாசலில் நின்று சிந்தித்தால் வியக்கத்தக்கதொரு நிலைமை புலப்படும். ஒருவர் கொள்ளும் செயலும் மற்றொருவர் விற்கும் செயலும் இரண்டு செயல்களல்ல. கல்லாவின் இருபுறத்திலிருந்தும் பார்க்கப்படும் ஒரே செயல். ரேவதியில் கெண்டி கைம்மாறினால் வாங்கியவருக்கு நலம், கடைக்காரருக்குத் தீது. விற்பதற்குரிய விசாகத்தில் கைம்மாறினால் கடைக்காரருக்கு நலம், வாங்கியவருக்குத் தீது. இருவருக்கும் ஒருங்கே உகந்த நாள் இல்லை என்றால், உலகில் நேர்மையான வியாபாரம் ஒன்று நடந்தாலே எவரோ ஒருவர் கிரகங்களால் வஞ்சிக்கப்பட்டவர் ஆகிறார். விதி இப்படி முடிவதிலிருந்து, அதன் ஆசிரியர் அறியாமலே நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு: ஒரே கணம் ஒருவருக்கு நன்மையாகவும் மற்றவருக்குத் தீமையாகவும் இருக்குமானால், நன்மையும் தீமையும் அந்தக் கணத்தின் சுபாவமாக இருத்தல் இயலாது, செய்பவரையும் செயலின் பிரயோஜனத்தையும் பற்றியே அவை எழவேண்டும்.

இம்முடிவு புதியதன்று, நாத்திகர் கண்டுபிடித்ததும் அன்று. கணாதரை முதலாசிரியராகக் கொண்ட வைசேஷிக தரிசனம், நிலம், நீர், தீ, வளி, வான், காலம், திசை, ஆன்மா, மனம் என்று திரவியங்களை ஒன்பதாக எண்ணி, அவற்றுள் காலம் ஒன்றே என்றும், நித்தியம் என்றும், எங்கும் நிறைந்தது என்றும் நிலைநாட்டியது. நேற்று, இன்று, நாழிகை, திதி என்று நாம் பேசும் பிரிவுகள் காலத்தில் உள்ளவை அல்ல. சூரியன் முதலியவற்றின் கதியாகிய உபாதியினால் அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படுபவை. மேலும், பிறக்கும் பொருள் அனைத்துக்கும் காலம் பொதுக் காரணம் என்றும் அத்தரிசனத்தார் கூறுவர். எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம், இந்தக் கெண்டிக்கு மட்டும் ஒரு விசேஷத்தை எவ்வாறு தரும்? சந்திரன் சூரியனை விட்டுப் பன்னிரண்டு பாகை விலகும் இடைவெளி ஒரு திதி. அந்த விலகலைக் கணிக்கும் முறையில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வேறுபடுவதால், ஒன்றில் அஷ்டமி முடிந்துவிட்ட பொழுதிலும் மற்றொன்றில் அது சில நாழிகை நீடிப்பதுண்டு. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து ஒரு பங்கை இராகுவுக்கு ஒதுக்கி, திங்களன்று காலை 7.30 முதல் 9 வரை, வெள்ளியன்று 10.30 முதல் 12 வரை என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோமே, அதுவும் சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாகக் கொண்ட கணக்கேயன்றி, உதயம் மாறும் ஊர்தோறும் பருவந்தோறும் தானும் மாறவேண்டிய ஒன்றே. கெண்டியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதுவே உண்மை. கடல் மட்டத்தில் நூறு டிகிரியில் கொதிக்கும் நீர், 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இடம் கெண்டியின்மேல் இவ்வளவு அதிகாரம் செலுத்துகிறது. எந்தத் திதியும் ஒரு டிகிரியைக்கூடக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை.

அப்படியானால் காலம் பார்ப்பது முழுவதும் வீண்தானோ என்று இங்கே ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயமே. திருவள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, பகலில் காக்கை தன்னிலும் வலிய கூகையை வென்றுவிடும் என்ற உவமையோடு அதைத் தொடங்குகிறார். ஆனால் அவர் காட்டும் காலத்தின் தன்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். பகல் காக்கைக்கு வெற்றி தருவது, அது சுபமான பொழுது என்பதால் அன்று. கூகை இரவில் வேட்டையாடிப் பகலில் ஒடுங்கும் பறவை என்பதால். வள்ளுவருடைய காலம், காரணமும் காரியமும் கண்கூடாகத் தொடர்புற்று நிற்கும் காலம். ஆடிப்பட்டம் தேடி விதைப்பதும், மழைக்காலத்தில் பச்சைப்பானை உலராது, சூளையும் எரியாது என்று குயவர் கோடையிலேயே வேலையை முடித்துக்கொள்வதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. மண்பானையின் சுவரில் கசிந்து ஆவியாகும் ஈரம் உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், பானை வாங்கக் கோடையும், நீர் காய்ச்சும் கெண்டி வாங்கக் கூதிர்காலமும் உகந்தவை என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க எந்தத் தார்க்கிகரும் முன்வரமாட்டார்.

கெண்டிக்கென்றே ஒரு பருவ ஒழுக்கம் வகுத்த நாடும் உலகில் உண்டு. ஜப்பானியர், பௌத்தத்தின் ஜென் மார்க்கத்தோடு இணைந்து வளர்த்த தேநீர்ச் சடங்கில், பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் நோ ரிக்யூ என்னும் ஆசானின் பரம்பரையார் இன்றளவும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் குழித்த அடுப்பிலும், மே முதல் அக்டோபர் வரை தூக்கி வைக்கத்தக்க தணலடுப்பிலும் இரும்புக் கெண்டியை ஏற்றுகின்றனர். குளிர்காலத்தில் பெரிய கெண்டியும் தணலும் விருந்தினருக்கு அருகில் வருகின்றன. கோடையில் சிறிய கெண்டி விருந்தினரை விட்டு விலகிச் செல்கிறது. தரையடுப்பைத் திறக்கும் நவம்பர் மாதம் அவர்களுக்குத் தேநீரின் புத்தாண்டு. இத்தனை நுட்பமாகக் காலத்தைக் கணித்த அம்மக்கள், எந்த மாதத்தில் கெண்டி வைத்தால் தமக்குச் செல்வம் பெருகும் என்பதை அதற்கு அளவுகோலாகக் கொள்ளவில்லை. எதிரே அமர்ந்திருப்பவருக்குக் குளிருமா, புழுங்குமா என்பதைக் கொண்டே ஆண்டை இரண்டாகப் பகுத்தனர். காலத்தின் நன்மையை அளக்க விருந்தினரின் உடலே அவர்களுக்குப் பிரமாணமாயிற்று.

நம்முடைய சாஸ்திரங்களில் காலத்தைப் பற்றிய விதிகள் முதன்முதலில் எங்கே தோன்றின என்று பின்னோக்கிப் பார்த்தால், அங்கும் இதனோடொத்த ஒரு கொள்கையே காணப்படுகிறது. அந்தணர் வசந்தத்திலும், அரசர் கோடையிலும், வைசியர் சரத்காலத்திலும் வேள்வித்தீயை நிறுவவேண்டும் என்பது வேதவிதி. இவ்விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர், காலம் கருமத்துக்கு அங்கம் என்று முடிவு செய்தனர். அங்கம் என்றால், செய்யவேண்டிய கடமை முதலில் இருக்க, அதற்கு உறுப்பாகக் காலம் வந்து பொருந்துகிறது என்பதே கருத்து. வசந்தத்தில் தீ வளர்த்தவருக்கு அது பயன் தரும். வசந்தத்தில் திண்ணையில் சாய்ந்திருந்தவருக்கு வசந்தத்தால் ஒரு புண்ணியமும் இல்லை. செயலை விட்டுக் காலத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதில் எது செய்தாலும், எதைப் பெற்றாலும் பெருகும் என்று கருதியது பிற்காலத்தில் நேர்ந்த திரிபே. அதற்கு அட்சய திருதியையைக் காட்டிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. வைகாசச் சுக்கில பட்சத்தின் மூன்றாம் நாளாகிய அத்தினத்துக்குத் தரும சாஸ்திரத் தொகுப்புகள் விதித்த காரியங்களுள் தலையானது உதகும்ப தானம்; அதாவது, வெயில் உச்சத்தை எட்டும் அந்நாளில் நீர் நிறைந்த குடத்தைப் பிதிரரை நினைத்துப் பிறருக்கு வழங்குதல். விசிறி, குடை, பாதரட்சை ஆகியவற்றைக் கொடுப்பதும், வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதும் அம்மாதத்துக்கே உரிய தருமங்களாகக் கூறப்பட்டன. அட்சயம், அதாவது குன்றாதது, என்று சொல்லப்பட்டது கொடுத்தவற்றின் பயனே. இன்று நகைக்கடை வாசலில் வரிசையில் நிற்போர், கொடுப்பதற்கென்று குறிக்கப்பட்ட ஒரு நாளைக் கொள்வதற்கென்று மாற்றிக்கொண்டு, குன்றாமையை மட்டும் பழைய விதியிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள்.

தனத்திரயோதசியும் அடிப்படையில் இவ்வுண்மைக்கு விலக்கானதன்று. பாற்கடலிலிருந்து தன்வந்திரி அமுத கலசத்தை ஏந்தி எழுந்த நாள் என்று கருதப்படுவதால் அன்று பாத்திரம் வாங்கப்படுகிறது. அந்தக் கலசம் கடையிலிருந்து வந்த வெறும் கலசமன்று, நோய் தீர்க்க நிறைந்து வந்த கலசம். இதை உணர்ந்தே போலும், அன்று வாங்கிய பாத்திரத்தை வெறுமையாக வீட்டுக்குள் கொண்டுசெல்லாமல், அதில் தானியமோ நீரோ இனிப்போ இட்டு எடுத்துச்செல்லும் வழக்கம் வடநாட்டு இல்லங்களில் நிலைத்திருக்கிறது. மராட்டியப் பெண்டிர் மகர சங்கராந்தியை ஒட்டி ஒருவரையொருவர் அழைத்து மஞ்சள் குங்குமம் அளிக்கும்போது, சிறு பாத்திரம் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கின்றனர். நம் பக்கத்திலோ, சோதிடர் சுபகாரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய அதே ஆடியில்தான் மாரியம்மன் கோயில்தோறும் பெரிய அண்டாக்கள் அடுப்பேறி, வந்தவர் யார், குலம் எது என்ற கேள்வியின்றிக் கூழ் வார்க்கப்படுகிறது. பாத்திரத்தின் பயன் பிறர் பசியைத் தணிப்பது என்று கொண்டால், ஆண்டு முழுவதிலும் பாத்திரங்களுக்கு ஆடியைப் போன்ற சுபமாதம் வேறு எது?

பாத்திரமும் காலமும் சந்திக்கும் இடத்தை மணிமேகலைக் காப்பியத்தைக் காட்டிலும் ஆழமாகச் சித்திரித்த நூல் நம் மொழியில் இல்லை. மதுரையில் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், நாடெங்கும் மழை பொழிந்து பசித்தவர் அருகியபின், ஏற்பவரைத் தேடிக் கடல் கடந்து செல்லப் புகுந்து, மணிபல்லவத்தில் தனித்து விடப்படுகிறான். பலரை ஊட்டும் பாத்திரத்தைக் கொண்டு தன் வயிற்றை மட்டும் நிரப்ப மனமின்றி, ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படுக என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாது உயிர் நீக்கிறான். புத்தர் தோன்றிய வைகாசி விசாகத்தன்று மட்டுமே அப்பாத்திரம் நீர்மேல் எழும். அந்நாளில் அதன் எதிரே நின்று பெற்றவள் மணிமேகலை. உலக இலக்கியத்தில் ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு கறாராக நாளும் நட்சத்திரமும் குறிக்கப்பட்டது அரிது. ஆயினும், அதைக் கையில் ஏந்திய கணம் முதல் காப்பியம் நாளையும் கோளையும் மறந்துவிடுகிறது. ஆதிரை இட்ட முதற்பிச்சைக்கும், காயசண்டிகையின் யானைத்தீ என்னும் தீராப் பசி தணிந்ததற்கும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறியதற்கும் முகூர்த்தம் பார்க்கப்படவில்லை. பாத்திரம் வந்து சேர ஒரு நாள் இருக்கலாம். பசித்தவர் எதிரே வந்துவிட்டபின் நாள் என்பது இல்லை. ஆபுத்திரன் கதையின் மறுபாதி இன்னும் கடுமையானது: கொடுக்க ஒருவரும் இல்லாதபோது, குறையாத பாத்திரமும் அவனுக்குப் பயனற்றதாயிற்று.

இந்த நுண்பொருளைப் பெருங்கல்வி இல்லாத நம் குடும்பப் பெண்களும் தமக்குத் தெரிந்த முறையில் போற்றியே வந்திருக்கின்றனர். எந்தத் தமிழ் வீட்டின் பரணிலிருந்தும் பழைய பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் பார்த்தால், விளிம்பின் கீழ்ப் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்களையும், சில பாத்திரங்களில் தேதிகளையும் காணலாம். அத்தை கொடுத்தது, மாமன் சீராக வைத்தது, திருமணத்துக்கு இன்னார் அன்பளிப்பாக வழங்கியது என்று அவை பேசும். கடையில் விலைக்கு வாங்கிய நாளை எவரும் பாத்திரத்தில் பொறித்து வைப்பதில்லை. கொடுக்கப்பட்ட நாளே உலோகத்தில் வெட்டத் தகுந்ததாகக் கருதப்பட்டது.

எஞ்சி நிற்பது அச்சம் ஒன்றே. தர்க்கத்தால் தெளிந்த பின்பும், விலக்கிய நேரத்தில் வாங்கினால் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று கலங்கும் நெஞ்சை ஏளனம் செய்வதில் பெருமை இல்லை. அது தன்னைவிடத் தன் மக்களுக்காகவே பெரும்பாலும் அஞ்சுகிறது. அப்படி அஞ்சியவர்களுள் திருநாவுக்கரசரும் ஒருவர். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரை, கோள்களின் நிலை சரியில்லை என்று அன்பினால் அவர் தடுத்தார் என்றும், சம்பந்தர் அப்போது பாடியதே கோளறு பதிகம் என்றும் சைவ மரபு கூறுகிறது. கோள்கள் இல்லை என்று சம்பந்தர் வாதிக்கவில்லை. இறைவன் உள்ளத்தில் புகுந்தபின் அவை அனைத்தும் நல்லனவே என்று சொல்லிவிட்டு, குறித்த காரியத்துக்குப் புறப்பட்டார். சென்ற காரியம் தம் நலத்துக்கன்று, அழைத்தவர் பொருட்டு. கடமையின் பொருட்டுப் புறப்படுபவரைக் காலம் தடுக்காது என்பதற்கு ஆத்திகருக்கு இதைவிட ஒரு பிரமாணம் வேண்டுவதில்லை.

இனி முதலில் எழுந்த கேள்விக்கு நேரான விடை சொல்லலாம். வீட்டிலுள்ள பழைய கெண்டி இன்னும் ஒழுகாமல் இருக்குமானால், ஆடி வரும்வரை பொறுத்திருந்து விலை தணிந்தபோது வாங்குவது விவேகம். மற்றவர் விலக்கிய மாதத்தில் வாங்கினோமே என்று மனம் குறைய வேண்டியதில்லை. மிஞ்சிய தொகையைத் தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பவர்களிடம் சேர்த்துவிட்டால், அந்த மாதத்தின் உண்மையான விதியையும் நிறைவேற்றியவர் ஆவோம். பழைய கெண்டி ஓட்டையாகி, வீட்டில் முதியவரோ நோயாளியோ வெந்நீருக்குக் காத்திருப்பாரானால், மாதமும் விலையும் பார்க்க வேண்டாம். அஷ்டமியானாலும் இராகுகாலமானாலும் இன்றே கடைக்குப் போகலாம். பஞ்சாங்கத்தைத் தூக்கி எறிய வேண்டுமென்பதில்லை. கொள்வதற்கு நாள் தேடி அதைப் புரட்டும் பழக்கத்தை விட்டு, கொடுப்பதற்கு எந்த நாள் நெருங்கிவருகிறது என்று பார்ப்பதற்காக அதைத் திறக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டால், எந்த வேலைக்காக நம் முன்னோர் அதை வகுத்தார்களோ அந்த வேலையை அது மறுபடியும் செய்யத் தொடங்கும்.